சாப்பாட்டு வரிசையில் வைத்த கையெழுத்து

"எண்ட பேரைத் திருப்பித் தாங்க, அண்ணன்."

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை காலை. கதவைத் திறந்தால், தோளில் வேலைப் பையுடன் ஒரு பெண் நிற்கிறார். வணக்கம் இல்லை, சுகமா என்ற விசாரிப்பு இல்லை. நேரே இதைத்தான் கேட்டார்.

பத்திரிகையில் பத்தி எழுதுகிறவனிடம் மக்கள் என்னவெல்லாமோ கேட்பார்கள். இமிகிரேஷன் ஃபோர்ம் நிரப்பித் தரச் சொல்வார்கள். கல்யாண வாழ்த்து எழுதித் தரச் சொல்வார்கள். பெயரைத் திருப்பித் தரச் சொல்லி இதுவரை ஒருவரும் வந்ததில்லை.

அவரைத் தவமணி என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயர் அதுவல்ல. மட்டக்களப்புப் பக்கம். எந்த ஊர் என்று சொல்லமாட்டேன் – ஏன் என்பது போகப் போகத் தெரியும். கணவரோடு இங்கே கனடாவில், வெக்ஸ்போர்ட்டில் இருக்கிறார். அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் வேலை.

"எந்தப் பேர்?" என்றேன்.

"கடைக் கண்ணாடியில ஒட்டியிருக்கே, அந்தப் பேர்."

விளங்கிவிட்டது. விளங்கியதும் எனக்குக் காது சுட்டது.

விஷயம் இதுதான். எங்கள் தொகுதி எம்.பி. ஒட்டாவாப் பாராளுமன்றத்தில் ஒரு பிரேரணை கொண்டுவரச் சம்மதித்திருந்தார். இலங்கையில் நிற்கும் இந்தியப் படையைத் திருப்பி அழைக்குமாறு கனடா அரசு டெல்லியைக் கேட்கவேண்டும் என்று. டெல்லியிலும் சில எதிர்க்கட்சி எம்.பி.க்கள் இதே நோக்கத்தோடு ஒரு மசோதாவைத் தூக்கிக்கொண்டு திரிகிறார்களாம். இங்கே குரல் எழும்பினால் அங்கே அவர்களுக்குத் தெம்பாக இருக்கும் என்றார். "உங்கள் மக்களின் ஆதரவைக் காட்டுங்கள்" என்றும் சொன்னார்.

ஒரு நாட்டுப் படை, இன்னொரு நாட்டில் நிற்கிறது. அதைப் போகச் சொல்ல மூன்றாவது நாட்டில் ஒரு பிரேரணை. குழப்பமாக இருக்கிறதா? எனக்கும்தான். ஆனாலும் சனத்தின் கையெழுத்துகளோடு கொடுக்க ஒரு மகஜர் எழுத உட்கார்ந்தேன்.

ஆம், எழுதியது நான்தான். போன வருடம் சமாதானம் காக்கவென்று படை வந்திறங்கியபோது "நன்றி, நன்றி" என்று இதே எம்.பி.யிடம் கொடுத்த மகஜரை எழுதியது யார்? ...அதுவும் நான்தான். சிரிக்காதீர்கள். அந்த நன்றிக்கு நீங்களும்தான் கையெழுத்து வைத்தீர்கள். அந்தப் படையே எங்கள் ஊர்களில் சண்டையில் இறங்கும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

கையெழுத்து எடுப்பதில் நமக்கென்று ஒரு முறை இருக்கிறதல்லவா? கையெழுத்து முதல், கடிதம் பிறகு! சனம் ஓரிடத்தில் சேர்வது பூசைக்கும் பிறந்தநாளுக்கும்தான். கடிதத்தின் வாசகத்தை முடிவுசெய்ய எங்கள் சங்கக் கமிட்டிக்கு ஆறு கூட்டமாவது வேண்டும். "வேண்டுகிறோம்" என்று போடுவதா, "வலியுறுத்துகிறோம்" என்று போடுவதா என்பதற்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். அதுவரை சனம் காத்திருக்குமா? ஆகவே, வாடகைக்கு எடுத்த பள்ளிக்கூட மண்டபத்தில், சாப்பாட்டு வரிசையில், கையில் பேப்பர் தட்டோடு நிற்கிறவர்களிடம் கோடு போட்ட வெறும் தாளை நீட்டுவோம்.

"உதில ஒருக்கா சைன் வையுங்கோ."

என்னத்துக்கு என்று கேட்பவர்கள் மிகவும் குறைவு. கேட்கிறவரையும் பின்னால் நிற்பவர் விடமாட்டார். "அண்ணை, வைச்சிட்டு நகருங்கோ... சோறு ஆறுது."

போன வருடம் நன்றிக்கென்று எடுத்த தாள்களில் சில மிஞ்சிப்போயின. கமிட்டிச் செயலாளர் சிவபாதம் அண்ணை அவற்றைப் பத்திரமாக வைத்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். கெட்டிக்காரர். ஒன்றையும் எறியமாட்டார்.

"உந்தத் தாளுகளை இதோட சேர்த்து விடுவம். திரும்பவும் ஆர் அலையிறது?" என்றார்.

"அது நன்றி சொல்ல வைச்சதல்லோ, அண்ணை?"

"அப்பவும் எங்கட சனம்தான், இப்பவும் எங்கட சனம்தான். தாளில நன்றி எண்டு எழுதிக் கிடக்கோ?"

எழுதிக் கிடக்கவில்லை. அதனால் சேர்த்துவிட்டோம். ஸ்டேப்ளர் அடித்தவன் நான். பிறகு முழு மகஜரையும், பெயர்கள் சகிதம், ஃபோட்டோகொப்பி எடுத்து அஜின்கோர்ட்டில் ஒரு பலசரக்குக் கடைக் கண்ணாடியில் சிவபாதம் அண்ணை ஒட்டிவைத்தார். எல்லாம் ஒரு பெருமைக்குத்தான். மரக்கறி வாங்கப் போன தவமணி அதில் தன் கையெழுத்தைப் பார்த்துவிட்டார்.

அவரை இருத்தித் தேத்தண்ணி கொடுத்தேன். குடிக்கவில்லை.

"எண்ட தம்பி ஆமிக் காம்ப்பில நிக்கான், அண்ணன்."

பிடித்துக்கொண்டு போய்விட்டார்களாக்கும் என்று பதறிப்போனேன். இல்லையாம், அந்த இந்தியப் படை முகாமில் வேலையாம். தம்பிக்கு ஆங்கிலம் நன்றாக வரும். முகாமுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டது. ஊரில் வேறு வேலையும் கிடையாது. மகன் எங்கே, கணவன் எங்கே என்று கேட்டு வாசலில் வந்து நிற்கும் பெண்கள் சொல்வதை ஆபீசருக்குச் சொல்லவேண்டும். ஆபீசர் சொல்வதை அவர்களுக்குச் சொல்லவேண்டும். அதற்காக ஊரில் அவனை வாழ்த்துகிறவர்களும் உண்டு, முறைக்கிறவர்களும் உண்டு.

"ஆமி போனா அடுத்த நாள் இவண்ட கதி என்ன? காம்ப்பில நிண்டவன் எண்டு யார் வந்து என்ன செய்வாங்களோ... எண்ட தம்பிய விட்டுட்டுப் போங்க எண்டு நானே எழுதிக் குடுத்த மாதிரி இருக்கு."

"அப்ப, ஆமி நிக்கவேணுமெண்டு நினைக்கிறீங்களோ?"

கேட்டிருக்கக் கூடாது. தவமணி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"சண்டைக்குள்ள எங்கட பெரியம்மா செத்துப் போனாங்க. நிக்கச் சொல்லி நான் எப்பிடிச் சொல்ற? போகச் சொல்லியும் எனக்குச் சொல்ல ஏலாது. என்ன நினைக்கிற எண்டு எனக்கே தெரியல்ல. தெரியாத ஒண்டுக்கு எண்ட பேர் ஏன்?"

பேனாவை எடுத்தேன், மேசையில் கிடந்த மகஜரில் அவர் பெயரை வெட்டிவிட. கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தார்.

"வெட்டாதீங்க! வெட்டினா ஏன் வெட்டின எண்டு கேப்பாங்க. தம்பிட வேலை இஞ்ச ஒருத்தருக்கும் தெரியாது."

வைத்திருக்கவும் முடியாது, வெட்டவும் முடியாது. மகஜரைப் புதன்கிழமை கொடுக்கவேண்டும். என்ன செய்வது? அந்தத் தாள்களே இல்லாமல் போனால்தான் உண்டு.

சிவபாதம் அண்ணைக்கு ஃபோன் எடுத்து, தாள்கள் மேல் தேத்தண்ணி ஊற்றுப்பட்டுவிட்டது என்றேன். (அண்ணை, மன்னிக்கவேண்டும். ஒரு துளியும் ஊற்றுப்படவில்லை.)

"உமக்கென்ன விசரே? என்ர மனுசியும் பிள்ளையளும் அங்க ஊரடங்குக்குள்ள கிடக்குதுகள். மூண்டு மாசமாய்க் கடிதமில்லை. உவங்கள் போனால்தான் எனக்கு நித்திரை வரும். நீர் தேத்தண்ணி ஊத்துறீர்!"

குரல் உடைந்துவிட்டது அவருக்கு. இரண்டு வருடப் பழக்கத்தில் அவர் குரல் உடைந்து நான் கேட்டதில்லை. இவர் சொல்வதும் நியாயம்தானே? ஃபோனை வைத்துவிட்டுத் தவமணியைப் பார்த்தால், அவர் சொல்வதும் நியாயமாகவே இருந்தது. ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கும் தலையாட்ட ஒரு கழுத்தால் முடியுமா?

வேலை முடிந்து மூன்று நாள் மாலையும் வீடு வீடாக ஏறி இறங்கினேன். இந்தத் தடவை கடிதத்தையும் கொண்டுபோய் வாசிக்கக் கொடுத்தேன். அங்கேதான் காரியம் கெட்டது. வெறும் தாளில் மறுபேச்சில்லாமல் கையெழுத்து வைத்த அதே சனம், வாசித்ததும் யோசிக்கத் தொடங்கிவிட்டது!

ரெக்ஸ்டேலில் ஒருவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார். "போகச் சொல்றது சரி. போனாப்பிறகு என்ன நடக்குமெண்டு இதில இல்லையே, தம்பி?"

இல்லைதான். எழுதியவனுக்கே தெரியாதது கடிதத்தில் எப்படி இருக்கும்?

இன்னொரு வீட்டில் கணவர் பேனாவைத் திறக்க, மனைவி பிடித்துக்கொண்டார். "போன வருஷம் உவை வந்திறங்கினதை ரிவியில பார்த்துக் கைதட்டினனீங்கள்."

"அப்ப ஒண்டும் தெரியாது."

"இப்ப தெரியுமோ?"

அவர் பேனாவை மூடினார். பிறகு திறந்தார். கையெழுத்து வைத்துவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

கடைசியில் நாற்பத்தொரு பேர் சேர்ந்தார்கள். முன்பு நூறு பேருக்கு மேல். கடைக் கண்ணாடியில் பழையதைக் கிழித்துவிட்டுப் புதிய பட்டியலை ஒட்டினேன். புதன்கிழமை நானும் சிவபாதம் அண்ணையும் எம்.பி.யின் அலுவலகத்துக்குப் போனோம்.

அங்கே உதவியாளராக இருக்கும் பெண்மணி நல்லவர். கோப்பைத் திறந்து, போன வருட நன்றி மகஜரை வெளியே எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் முதல் கையெழுத்து என்னுடையது.

"இதில் எது உங்கள் கருத்து?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். கிண்டல் இல்லை. கோப்பில் பதிய வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

"இரண்டும்" என்றேன்.

சிவபாதம் அண்ணை என் காலை மிதித்தார்.

பிரேரணை வந்தது. ஒரு மணி நேரம் பேசினார்களாம். வாக்கெடுப்புக்கு முன் நேரம் முடிந்துவிட்டதாம். இது வழக்கம்தான் என்று எம்.பி. ஆறுதல் சொன்னார். டெல்லி மசோதா எங்கே நிற்கிறது என்று அவருக்கும் தெரியவில்லை. யாரோடு கோபிப்பது என்றும் எனக்குப் பிடிபடவில்லை.

போன சனிக்கிழமை தவமணி மறுபடி வந்தார். கையில் தம்பியின் கடிதம். கொழும்புக்குப் போன ஒருவரிடம் கொடுத்து அங்கிருந்து தபாலில் போட்டிருக்கிறான். வாசிக்கச் சொன்னார். பத்தியில் எழுதவும் சொன்னார் – பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு.

ஊர்ச் சனமும் முகாமுக்கு ஒரு மகஜர் கொடுத்ததாம், போய்விடுங்கள் என்று. அதை ஆபீசருக்கு ஆங்கிலத்தில் சொல்லவேண்டியவன் யார்? தம்பிதான். ஒரு வரி விடாமல் சொன்னானாம். ஆபீசர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாராம். முடிந்ததும் பேனாவை எடுத்தாராம்.

"நானும் இதில் ஒரு கையெழுத்து வைக்கட்டுமா? எனக்கும் வீட்டுக்குப் போகவேண்டும்."

நான் சிரித்துவிட்டேன். சத்தமாகவே சிரித்தேன். எங்கள் எல்லோருக்கும் குழப்பம், ஒட்டாவாவுக்குக் குழப்பம், டெல்லிக்குக் குழப்பம்... தெளிவாக இருந்த ஒரே ஆள் அந்த ஆபீசர்தான்! இந்தப் பத்திக்கு முடிவு கிடைத்துவிட்டது என்று அந்த இடத்திலேயே மனதுக்குள் எழுதியும் விட்டேன்.

தவமணி சிரிக்கவில்லை. கடிதத்தை வாங்கி மடித்தார்.

"அவர் வீட்ட போயிருவார், அண்ணன். தம்பிக்கு அந்த ஊர்தானே வீடு... அவன் எங்க போற?"

எழுதிய முடிவை அழித்துவிட்டேன். வேறு முடிவு என்னிடம் இல்லை.