என்னைப் பார்த்தால் காக்கா இறங்காது

போன வருஷம் ஆடி மாசம் பாண்டியில் நடந்தது. எனக்குச் சொந்த ஊர் செஞ்சி, தொழில் லிஃப்ட் மாட்டுவது. பாண்டியில் பெரிய பெரிய கட்டடமாக எழும்ப ஆரம்பித்ததும் எனக்கு வேலை ஓயவே இல்லை. நான் லிஃப்ட் மாட்டிய அபார்ட்மென்ட் ஒன்றிலேயே ஆறாவது மாடியில் வாடகைக்குக் குடியும் வந்துவிட்டேன். பால்கனியில் நின்றால் ஏர்போர்ட்டைப் பெரிதாக்கும் வேலை தெரியும். ஊர் வளர்வதைப் பார்த்து வயிறு எரிகிற ஆள் நான் இல்லை. அது வளர்ந்தால்தான் எங்கள் வீட்டில் உலை கொதிக்கும்.

ஏர்போர்ட்டில் பறவை விரட்டும் வேலை செய்கிற ஒருவர் ஒருநாள் எங்கள் கட்டடத்துக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும். மொட்டை மாடியில் சோறு வைக்காதீர்கள், காக்கா கூடினால் விமானத்துக்கு ஆபத்து என்று வீடு வீடாகத் தன்மையாகச் சொன்னார். நான்தான் வாய் சும்மா இருக்காமல், "காக்கா ஓட்டுறதெல்லாம் ஒரு வேலையா? வேற பொழப்பு கெடைக்கலியா?" என்று கேட்டுவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். அவர் அடுத்த வீட்டுக்குப் போனார்.

மறு மாசமே அப்பாவின் முதல் வருஷத் திதி. ஊரில்தான் செய்திருப்போம். ஆனால் அம்மாவுக்குப் பாண்டியில் கண் ஆபரேஷன் ஆகி நாலு நாள்தான் ஆகியிருந்தது, பஸ்ஸில் போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சரி, ஒரு நாள்தானே என்று ஃபிளாட்டிலேயே படையல் போட்டோம். காக்கா எடுத்த பிறகுதான் நாங்கள் சாப்பிட வேண்டும். செஞ்சியில் இது ஒரு பிரச்சினையே இல்லை. கோட்டைக் குரங்கு இலையைத் தூக்கிக்கொண்டு ஓடாமல் காவல் காத்தாலே போதும்.

இங்கே மொட்டை மாடியில் இலையை வைத்துவிட்டு "கா, கா" என்று கத்தித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். மணி ஒன்றரை ஆகிவிட்டது. அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு, காலையிலிருந்து வெறும் தண்ணீர்தான். கீழே வந்து பார்த்தால், தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்திருந்தாள். ஒரு வாயாவது சாப்பிடும்மா என்றால் கேட்கவில்லை.

"உங்க நைனா பசியா இருக்க சொல்லோ நான் இன்னாத்தடா சாப்புடறது? சொந்த வூட்ட வுட்டுட்டு இங்க வெச்சதுல அவருக்குக் கோவம் போல இருக்குது" என்று அழுதாள். அழக்கூடாத கண் வேறு. எனக்குப் பயம் வந்துவிட்டது.

மறுபடி மாடிக்கு ஓடிக் கத்தினேன். பின்னால் யாரோ வரும் சத்தம். திரும்பினால், காக்கா ஓட்டும் அதே ஆள். ரோட்டில் போனவர் என் சத்தம் கேட்டு ஏறி வந்திருக்கிறார். இன்றைக்கு நமக்கு இருக்கிறது என்று நினைத்தேன். அவர் இலையைப் பார்த்தார்.

"யாருக்கு சார்?"

"எங்க நைனாவுக்கு. அம்மா இன்னும் சாப்டல, சுகர் வேற."

"இங்க வராது சார். வராம நான்தான் ஓட்டி வெச்சிருக்கேன். எலைய எடுத்துக்கினு வாங்க."

ஏர்போர்ட்டுக்கு எதிர்த் திசையில், கடலோரமாக மீன் விற்கும் இடத்துக்கு பைக்கில் கூட்டிப் போனார். தூரத்திலேயே ஒரு தூங்குமூஞ்சி மரம் தெரிந்தது, கிளை கிளையாகக் காக்கா. ஒரு தெரு முன்னாடியே வண்டியை நிறுத்தி, சுவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"நீங்க மட்டும் போங்க சார். என்னப் பாத்தா ஒண்ணுகூட எறங்காது. அதுங்களுக்கு என் மூஞ்சி மனப்பாடம்."

இலையை வைத்துவிட்டு நாலடி தள்ளி நின்றேன். ஐந்து எண்ணுவதற்குள் ஒன்று இறங்கி, சோற்றைத் தொடாமல் வடையைக் கவ்விக்கொண்டு போனது. அங்கேயே நின்று அம்மாவுக்கு போன் போட்டேன். "நைனா வடையத்தாம்மா மொதல்ல எடுத்தாரு" என்றேன். "அவரு வேற எத்த எடுப்பாரு" என்று சிரித்தாள். தட்டு எடுக்கும் சத்தம் போனிலேயே கேட்டது.

ஓடி வந்து அவரிடம் சொன்னேன். எட்டிக்கூடப் பார்க்காமல் அங்கேயே நின்றிருந்தார். அன்றைக்குப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "அத்த வுடுங்க சார்" என்று வண்டியை உதைத்தார். உங்கள் வீட்டில் திதி வந்தால் என்ன செய்வீர்கள் அண்ணே என்று கேட்டேன்.

"எங்க அப்பாவுக்கு நான் வெச்சா எதுவும் வராது. பொண்டாட்டிதான் வைக்கும். நான் உள்ள கதவ சாத்திக்கினு நிப்பேன். எடுத்துச்சுன்னு அது கொரல் குடுத்தாத்தான் வெளிய வருவேன்."

சாதாரணமாகத்தான் சொன்னார். வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அம்மா கறுப்புக் கண்ணாடியோடு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அவர் போதும் போதும் என்னும் வரை பரிமாறச் சொன்னாள்.

இப்போது ஒவ்வொரு விமானமும் பத்திரமாக இறங்கும்போது, அதற்காகத் தன் அப்பாவுக்கு வைத்த சோற்றைக் காக்கா எடுப்பதைக்கூடக் கண்ணால் பார்க்க முடியாமல், கதவுக்குப் பின்னால் காதைக் கொடுத்து நிற்கிற ஒரு மனுஷர் இந்த ஊரில் இருக்கிறார் என்று நினைத்துக்கொள்கிறேன்.