சாம்பல் குருவிக்குப் பிறந்த வெள்ளைக் குஞ்சு

ஆரணிக் கோட்டை மைதானத்துக்கு எதிரே ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த மணவாளன், சந்தவாசலில் இருந்த தன் அக்கா மகள் தெய்வநாயகியைக் கட்டிக்கொண்டான். எழுபத்தாறில் பெண் குழந்தை பிறந்தது. பஞ்சாய் வெளுத்த முடி, ரோஜா நிறத் தோல், வெளிச்சம் பட்டால் நடுங்கும் கண்கள். மருத்துவச்சி பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

தெரு சும்மா இருக்கவில்லை. "ஆயியும் அப்பனும் கரிக்கட்ட. கொழந்த மட்டும் தொர வூட்டுப் புள்ள மாதிரி கீது" என்று கடைக்கே வந்து சிரித்தார்கள். பொறுத்துப் பார்த்த மணவாளன், ஒரு மத்தியானம் சோற்றில் கை வைத்தபடி தலை நிமிராமல் கேட்டான்.

"நெஜத்தச் சொல்லு. இது யாரு கொழந்த?"

தெய்வநாயகி அழவில்லை. "உன்னுதுதான் மாமா" என்றாள். அவன் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனான். திரும்பி வந்தபோது அவளும் குழந்தையும் சந்தவாசலுக்கு பஸ் ஏறியிருந்தார்கள். அவன் கூப்பிடப் போகவில்லை.

அந்த வருஷம்தான், ரேடியோ சாமான் வாங்க மெட்ராஸ் போனவன் மூர் மார்க்கெட்டில் ஒரு ஜோடி பின்ச் குருவி வாங்கி வந்தான். வீட்டில் ஏதாவது சத்தம் இருக்கட்டும் என்றுதான். கட்டைவிரல் பருமனில் சாம்பல் உடம்பு, சிவந்த அலகு. தினை போட்டான், முட்டையிடக் குட்டிப் பானை கட்டினான். நாலைந்து வருஷம் சாம்பல் குஞ்சுகளாகவே பெருகின. ஒரே பானையில் பிறந்த ஆணையும் பெண்ணையும் தனிக் கூண்டில் விட்டான். அவை பொரித்த குஞ்சுகளில் ஒன்று, இறகு முளைத்தபோது வெள்ளையாக இருந்தது.

வேறு ஆண் குருவி நுழைந்திருக்குமோ என்று கூண்டுக் கம்பியை விரலால் தடவிப் பார்த்தான். ஓட்டை எதுவும் இல்லை.

மனசு கேட்கவில்லை. அந்த வெள்ளைப் பெட்டையை, புதிதாக வாங்கிவந்த சாம்பல் ஆணோடு சேர்த்தான். பிறந்ததெல்லாம் சாம்பல். அந்தச் சாம்பல் குஞ்சுகளுக்குள்ளேயே ஜோடி சேர்த்தான். மறுபடி வெள்ளை வந்தது. வெள்ளை எங்கேயும் போய்விடவில்லை. சாம்பல் இறகுக்குள் பதுங்கியிருந்திருக்கிறது. தாயும் தகப்பனும் ஆளுக்குப் பாதி கொடுத்தால்தான் குஞ்சில் வெளியே வருகிறது. ஒரே ரத்தமென்றால் இரண்டு பேரிடமும் அந்தப் பாதி இருக்க வழியிருக்கிறது.

அக்கா மகள். ஒரே ரத்தம். கூண்டுக்கு முன்னால் குந்தியிருந்தவன் எழுந்துபோய்க் கடையைச் சாத்தினான்.

மறுநாளே சந்தவாசல் போனான். வெயிலுக்குத் தலையில் துண்டு போட்டுக்கொண்டு வேப்பமரத்தடியில் ஒரு சிறுமி விளையாடிக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் உள்ளே ஓடிவிட்டாள். வாசலுக்கு வந்த தெய்வநாயகியிடம் குருவிக் கதை முழுவதையும் மூச்சு விடாமல் சொன்னான்.

"உன் மேல தப்பு இல்ல புள்ள. என்கிட்டயும் இருந்திருக்குது. வா, வூட்டுக்குப் போவலாம்."

அவள் கடைசிவரை கேட்டாள். "நான் சொன்னப்ப நீ நம்பல. குருவி சொல்லிச்சின்னு வந்துகினு கீற. நாளைக்கு அது வேற மாதிரி குஞ்சு பொரிச்சா, இன்னா மாமா பண்ணுவ?"



அவள் வரவேயில்லை. ஆனால் மகளைப் பார்க்க அவன் போவதைத் தடுக்கவும் இல்லை. மகள் பெயர் அமுதா என்பதே அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் முழுக்கைச் சட்டையும் அகல விளிம்புத் தொப்பியும் வாங்கிப்போனான். பள்ளிக்கூடத்தில் பலகை எழுத்து தெரியவில்லை என்றதும், வேலூர் கண்ணாஸ்பத்திரிக்கு அழைத்துப்போனான். பஸ்ஸில் அவள் அவன் தோளில் சாய்ந்து தூங்கினாள். இறங்கும் இடம் வந்தும் எழுப்ப மனமில்லாமல் இருந்தான்.

ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதிய நர்ஸம்மா, "கூட வந்தது யாரும்மா? அப்பாவா?" என்று கேட்டாள்.

அமுதா அவனை நிமிர்ந்து பார்த்தாள். "இல்ல" என்றாள். "தெரிஞ்சவங்க."

நர்ஸம்மா அதையே எழுதினாள். மணவாளன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். அமுதாவின் கையைப் பிடித்துக் கண் டாக்டரின் அறைக்குக் கூட்டிப்போனான்.