சாவி அண்ணனும் பதினெட்டு டேப்பும்

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலில் இருக்கும். வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனிக்கும் நர்சுகளுக்கென்று ஓர் அலுவலகம். அதில் பன்னிரண்டு வருடமாக அவர்தான் ஸ்டோர் கீப்பர். இடுப்பில் ஒரு வளையம் நிறையச் சாவி தொங்கும். அதனால் சாவி அண்ணன். மேலாளர் அம்மாவே ஒரு தடவை கடிதத்தில் அப்படி எழுதிவிட்டு, பிறகு அடித்துத் திருத்தினார்.

பஞ்சு, கையுறை, ஊசி, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, எல்லாம் அவர் பொறுப்பு. புதிதாகக் கையுறைப் பெட்டி கேட்டால், காலிப் பெட்டி எங்கே என்பார். வீட்டிலும் இதே கதைதான். கதவைப் பூட்டுவார், இழுத்துப் பார்ப்பார், பத்தடி நடப்பார், திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்ப்பார். தெருமுனையில் நிற்கும் மனைவி, "பூட்டு கையோட வந்துடப் போகுது, விட்டுட்டு வாங்க" என்பாள்.

சும்மா சொல்லக்கூடாது, அவர் பயத்துக்குக் காரணம் இருந்தது. நோயாளிகளின் குறிப்பைப் பார்க்க நர்சுகளுக்கு டேப், அதாவது கையடக்கக் கம்ப்யூட்டர், கொடுத்த முதல் வருடமே, மேசைமேல் சார்ஜில் கிடந்தவற்றில் இரண்டு காணாமல் போயின. யார் எடுத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. மெமோ யாருக்கு என்பது மட்டும் அன்றைக்கே தெரிந்துவிட்டது. இன்னொரு மெமோ வந்தால் ஸ்டோர் வேறு ஆளிடம் போய்விடும் என்றும் அதில் ஒரு வரி இருந்தது.  எழுதி எழுதிக் கேட்டு, மேலாளர் அம்மாவிடம் கையெழுத்து வாங்கி, கனமான இரும்பு பீரோ ஒன்றை வரவழைத்தார். உள்ளே பதினெட்டு தட்டு, தட்டுக்கு ஒரு நம்பர், பின்பக்கம் சார்ஜர் வயர் நுழைய ஒரு துளை. சாயங்காலம் ஆறு மணிக்குப் பதினெட்டு டேப்பும் உள்ளே போகும். கதவு சாத்தப்படும். சாவி திரும்பும். இரண்டு தடவை இழுத்துப் பார்க்கப்படும்.

அதற்குப் பிறகு ஒரு டேப்கூடத் தொலையவில்லை. ஒரு டேப்கூட அப்டேட்டும் ஆகவில்லை.

அப்டேட் என்பது தலைமை அலுவலகத்திலிருந்து வைஃபை வழியாகத் தானே வந்து இறங்க வேண்டியது. அதற்கு மூன்று நிபந்தனை: டேப் சார்ஜில் இருக்க வேண்டும், வைஃபை கிடைக்க வேண்டும், யாரும் தொடாமல் சும்மா கிடக்க வேண்டும். தினமும் ராத்திரி முழுக்க சார்ஜில், சும்மாதான் கிடந்தன. காலையில் எடுத்தால், 'அப்டேட் முடியவில்லை' என்று திரை சொல்லும். கீழே இரண்டு பொத்தான்: 'இப்போது', 'பிறகு'. ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவள் 'இப்போது' அழுத்துவாளா? பதினெட்டுப் பேரும் 'பிறகு'தான். ஏழு மாதம் இப்படியே ஓடியது. கம்ப்யூட்டர் பார்க்கும் ஆள் போனிலேயே, "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்றார். பண்ணினார்கள். ஆஃப் ஆகி ஆன் ஆனது.

ஏழாம் நம்பர் டேப்பை வைத்திருந்த சிஸ்டர் தற்காலிக வேலையில் இருந்தவள். அவள் சம்பளத்தில்தான் வீடே ஓடியது. ஒரு வியாழக்கிழமை காலை ஒரு பெரியவர் வீட்டில், புண்ணுக்குக் கட்டுப் போடும் நேரத்தில், டேப்பின் பேட்டரி பழசாகிச் சார்ஜ் குறைந்து, நெட்டும் கிடைக்காததால் அந்த வீட்டு வைஃபையில் சேர்த்து, சார்ஜரில் சொருகி, ஸ்டூல்மேல் வைத்தாள். ஏழு மாதமாக வராத அப்டேட் அங்கே வந்து இறங்கியது. திரை கறுத்து, ஐம்பது நிமிஷம் ஒரு வட்டம் சுற்றியது. இன்சுலின் எவ்வளவு என்ற குறிப்பு அதற்குள். போன் செய்தால் அலுவலகத்தில் யாரும் எடுக்கவில்லை. அளவு தெரியாமல் ஊசி போடமாட்டேன் என்று அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் செய்தது சரி. ஆனால் பெரியவரின் மகன், நர்ஸ் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார் என்று புகார் எழுதினான். தலைமை அலுவலகம் டேப்பின் பதிவை எடுத்துப் பார்த்தது. நூற்று நாற்பத்தியொரு தடவை 'பிறகு' அழுத்தியிருக்கிறாள். மற்ற பதினேழு பேர் எத்தனை தடவை என்று யாரும் பார்க்கவில்லை. அவளை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு, புதன்கிழமை விசாரணை என்றார்கள். அலட்சியம் என்று முடிவானால் வேலை போகும். அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டு வேறு எங்கேயும் நர்சாகச் சேரவும் முடியாது.

திங்கட்கிழமை மூன்றாம் நம்பர் டேப்புக்கு உரியவள் லீவு. பீரோவுக்குள் அதன் வயரும் பழுது. சாவி அண்ணன் அதைத் தன் மேசையிலேயே சார்ஜ் போட்டு, கண்ணை எடுக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பஞ்சு இருப்பை எண்ணினார். பாதி எண்ணும்போது அது அப்டேட் ஆகத் தொடங்கியது. ஒன்பது மணிக்கு முடிந்தும்விட்டது.

எண்ணியதை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். தன் போனை பீரோவின் மூன்றாம் தட்டில் வைத்து, கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டே, இடுக்கு வழியாக ஒற்றைக் கண்ணால் பார்த்தார். வைஃபைக் குறியில் மூன்று கோடு இருந்தது. கதவு பாதி சாத்தியதும் இரண்டு. ஒரு விரல் இடைவெளியில் ஒன்று. அப்புறம் அதுவும் இல்லை. திறந்தார், வந்தது. சாத்தினார், போனது. ஆறு தடவை செய்து பார்த்தார். ஏழாவது தடவை வேறு மாதிரி நடக்கும் என்று அவருக்கு ஒரு நப்பாசை.

புதன்கிழமை மேலாளர் அறையில் விசாரணை. தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஏழாம் நம்பர் டேப்பைக் கொண்டுவரச் சொன்னார்கள். சாவி அண்ணன்தான் கொண்டுபோய் மேசைமேல் வைத்துவிட்டு, கதவோரம் நின்றார்.

"எல்லாரும்தான் சார் 'பிறகு' அழுத்தறோம்" என்றாள் சிஸ்டர்.

"மத்தவங்களைப் பத்திக் கேக்கல."

"நான் ஊசி போட்டிருந்தா என்ன ஆகியிருக்கும் சார்?"

"அப்டேட்டை முன்னாடியே போட்டிருந்தா அந்தக் கேள்வியே வந்திருக்காது இல்லையா?"

அலட்சியமாக இருந்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் பார்க்கலாம் என்றார்கள். அவள் போட்டாள். பார்த்துவிட்டு, மாசக் கடைசியோடு வேலை முடிகிறது என்றார்கள். சாவி அண்ணன் வாயைத் திறக்கவில்லை. திறக்க நினைத்தார்; இரண்டாவது மெமோ ஞாபகம் வந்தது.

வியாழக்கிழமை அவருக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி விடவில்லை. சொல்லிவிட்டார்.

"அப்ப அந்தப் பொண்ணு மேல தப்பே இல்லையா?"

"இல்ல."

"யாருக்குத் தெரியும்?"

"எனக்கு மட்டும்தான்."

"அப்ப பேசாம இருங்க. உங்களுக்கு இன்னும் ஆறு வருஷம் சர்வீஸ் இருக்கு." தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். பாத்திரம் கழுவும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது, நின்றது. கை ஈரத்தோடு திரும்பி வந்தாள். "எனக்கு மட்டும்தான்னு சொன்னீங்க. இப்ப எனக்கும் தெரியுமே. எங்கிட்ட எதுக்குச் சொல்லித் தொலைச்சீங்க? நான் எப்படிச் சாப்பிடறது?"

வெள்ளிக்கிழமை காலை கடிதம் எழுதினார். பீரோ பூட்டியிருக்கும்போது வைஃபை உள்ளே வருவதில்லை, அதனால் எந்த டேப்பிலும் அப்டேட் இறங்கியதில்லை, ஏழாம் நம்பர் சிஸ்டர் மேல் தவறில்லை, பீரோ கேட்டதும் பூட்டியதும் நான், இதை இன்று கண்டறிந்தேன். 'இன்று' என்ற இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது. அப்புறம் எழுதிவிட்டது. தபால் பதிவேடும் அவர் பொறுப்புதான். கடிதத்துக்கு முத்திரை குத்தி, இருநூற்றுப் பன்னிரண்டு என்று நம்பர் போட்டு, நகலைத் தலைமை அலுவலகப் பையில் போட்டு அனுப்பிவிட்டு, அசலை எடுத்துக்கொண்டு மேலாளர் அம்மாவிடம் போனார்.

அந்த அம்மா இரண்டு தடவை படித்தார். "இந்த பீரோவுக்குக் கையெழுத்து போட்டது நானு."

"ஆமா மேடம்."

"முதல்ல எங்கிட்ட வாய்வார்த்தையா சொல்லியிருக்கலாமே."

"சொன்னா வாய்வார்த்தையாவே போயிடும் மேடம்."

"நம்பர் போட்டாச்சா?"

"போட்டாச்சு மேடம்."

நம்பர் விழுந்த காகிதம் அந்த அலுவலகத்தில் தொலைந்ததே இல்லை. தொலையாமல் பார்த்துக்கொண்டதும் அவர்தான். மேலாளர் அம்மா ஒரு பெருமூச்சு விட்டு, மேல்நடவடிக்கைக்கு என்று எழுதினார்.

அடுத்த வாரத்துக்குள் எல்லாம் நடந்தது. சாவி அண்ணனுக்கு மெமோ வந்தது. மாத முடிவில் ஸ்டோரை ஒப்படைக்க வேண்டும், அதன் பிறகு தபால் மட்டும். கம்ப்யூட்டர் ஆள் முதல் முறையாக நேரில் வந்து, வைஃபைப் பெட்டியைத் தூக்கி பீரோவுக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டார். மிச்சமிருந்த டேப் எல்லாம் ஒரே நாளில் அப்டேட் ஆகிவிட்டன. அலுவலகத்தில் மற்ற யாருக்கும் வைஃபை இல்லை. ஏழாம் நம்பர் சிஸ்டரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். உத்தரவோடு சாவி அண்ணனின் கடித நகலையும் இணைத்து அனுப்பியிருந்தார்கள்.

அவள் வந்த அன்று காலை ஸ்டோரில் வேறு யாரும் இல்லை. விசாரணைக்கு வந்தவர்கள் கொண்டுபோன ஏழாம் நம்பர் இன்னும் தலைமை அலுவலகத்தில் இருந்ததால், உரியவள் லீவில் இருந்த மூன்றாம் நம்பரை எடுத்துக் கொடுத்தார். பட்ட அனுபவம், அவள் முதலில் அப்டேட் பக்கத்தைத்தான் திறந்து பார்த்தாள். மற்ற டேப்பெல்லாம் இந்த வாரம்தான் அப்டேட் ஆகியிருந்தன. இதில் மட்டும் போன வாரத் திங்கட்கிழமை, காலை ஒன்பது மணி என்று இருந்தது. கைப்பையிலிருந்து கடித நகலை எடுத்துப் பிரித்தாள். தேதியைப் பார்த்தாள், வெள்ளிக்கிழமை. மறுபடி டேப்பைப் பார்த்தாள்.

"அண்ணா, இது திங்கட்கிழமையே ஆயிடுச்சா?"

"ஆமா சிஸ்டர்."

"அப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

சாவி அண்ணன் பதிவேட்டைத் திறந்து அவள் பக்கம் திருப்பி வைத்தார். பேனாவையும் மூடி கழற்றி வைத்தார். அவள் எடுக்கவில்லை.

"தெரியும் சிஸ்டர்."

"புதன்கிழமை என்னை எழுதிக் கொடுக்கச் சொன்னப்ப, நீங்க கதவுகிட்டதானே நின்னுட்டு இருந்தீங்க?"

"ஆமா."

அவர் இன்னும் ஏதாவது சொல்வார் என்று அவள் காத்திருந்தாள். அவருக்கும் சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தது. பயந்துவிட்டேன் என்ற ஒரே சொல்தான். பேனாவை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். எட்டு மணிக்கு ஒரு வீட்டில் அவள் இன்சுலின் போட வேண்டும். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாள், டேப்பைப் பையில் வைத்தாள், போனாள்.