முதல் ஜாக்கெட் கூலி

இஸ்திரிக்கார அண்ணனை நினைத்தால் எனக்கு முதலில் கண்முன்னால் வருவது ஒரு பச்சைப் பட்டு ஜாக்கெட். கை இரண்டும் தனியாக, உடம்பு தனியாக என் மடியில் கிடக்கிறது. அவர் வாசலில் நின்றுகொண்டு, "அந்தப் பச்ச ஜாக்கெட்ட குடு தங்கச்சி, மாமி கேக்குறாங்க" என்று கையை நீட்டுகிறார். என் மடியைப் பார்த்த பிறகும் நீட்டிய கையை மடக்க அவருக்குத் தோன்றவில்லை. நூல் பிசிறு ஒட்டிய விரல்களோடு நான் அவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

அப்போது நாங்கள் ஆழ்வார்பேட்டையில் ஒரு சந்துக்குள் ஒற்றை அறையில் குடியிருந்தோம். சந்து முனையில் தூங்குமூஞ்சி மரத்தடியில் அண்ணனின் வண்டி நிற்கும். எதிரே இருந்த நான்கு மாடிக் குடியிருப்பின் துணியெல்லாம் அவரிடம்தான் வரும். நான் ஏற்றுமதிக் கம்பெனியில் காலர் தைத்துக்கொண்டிருந்தவள். அங்கே சூப்பர்வைசர் கத்தினால் எனக்குக் கை நடுங்கும், கை நடுங்கினால் தையல் கோணும், கோணினால் இன்னும் கத்துவார். ஒருநாள் வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே மெஷின் போட்டுக்கொண்டேன். ஆனால் வெளியே போர்டு மாட்டவில்லை. போர்டு மாட்டினால் யாராவது வந்து கேட்பார்கள், கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே என்ற பயம். ஆறு மாதம் பக்கத்து வீட்டுப் புடவைக்கு ஃபால்ஸ் அடித்ததோடு சரி. "தீவாளிக்குள்ள நாலு பேர் வரலேன்னா மறுபடி கம்பெனிக்கே போயிடு" என்று என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அது அதிகமாகப் பயமாக இருந்தது.

அந்த நாட்களில் ஒரு சீமந்தத்துக்குப் போட்டுக்கொள்ள என் ஜாக்கெட் ஒன்றை அண்ணனிடம் தேய்க்கக் கொடுத்தேன். வாங்கப் போனபோது அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இத்த யாரு தெச்சது?" என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு, நான்தான் என்றேன். "நீயா? இன்னா தங்கச்சி, பொட்டி வழுக்கிக்கினு போவுது! அந்த மாடிக்காரங்க ஜாக்கெட்டுல தேய்க்க சொல்லோ கைகிட்ட போனா சுருக்கம், தோள்கிட்ட போனா சுருக்கம். தண்ணி தெளிச்சு இழுத்து இழுத்து என் உசிரே போவுது" என்றார். எந்த வீட்டம்மாவின் துணி எங்கே இழுக்கிறது என்பது அந்தம்மாவைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அங்கேயே நின்று ஒரு பேச்சுப் பேசி முடித்தார். அவர் அனுப்புகிற ஒவ்வொருவருக்கும் நான் தைக்கிற முதல் ஜாக்கெட்டின் கூலி அவருக்கு. அதற்குப் பிறகு அவர்கள் ஆயுசுக்கும் எனக்கு. நான் தலையை ஆட்டினேன்.

அதன் பிறகு ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தாலும் ஒரு விஷயம் கூச்சமாக இருந்தது. அண்ணன் யாரிடம் என்னைப் பற்றிச் சொன்னாலும், "எனுக்கு மொத ஜாக்கெட்டு கூலி கெடைக்கும்மா, அதுக்குத்தான் சொல்றேன். ஆனா நல்லா தைக்கும்" என்று சேர்த்தே சொல்வார். வந்தவர்கள் என்னிடமே அதைச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்குக் கூசிப்போனது. தரகு கொடுத்து ஆள் பிடிக்கிறவள் என்று நினைத்துக்கொள்வார்களே என்று ஒருநாள் அவரிடம் முணுமுணுத்தேன். "அதை மட்டும் சொல்லாதீங்கண்ணா." அவர் பொட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "மறைச்சு வாங்கிக்கினா நாளைக்கு அவுங்க மூஞ்ச எப்டி பாக்கறது? துணி எடுக்கப் போவணுமில்ல?" என்றார். எனக்கு அது சமாதானமாகவில்லை. ஆனால் மறுபடி கேட்கிற தைரியமும் இல்லை.

மூன்றாவது மாடியில் ஒரு மாமி இருந்தார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் ஒரு வார்த்தை சொன்னால் குடியிருப்பு முழுவதும் கேட்கும் என்பதால் அண்ணனுக்கு அவர்மேல் கண். "அந்த மாமி மட்டும் வந்துட்டா நீ கம்பெனிய மறந்துரலாம்" என்று அடிக்கடி சொல்வார். தீபாவளி நெருங்கிவிட்டது, என்னிடம் இருந்த வேலையோ மாதத்தில் பாதி நாளுக்குக்கூடப் போதாது. அப்படி இருக்கும்போது ஒருநாள் மத்தியானம் இந்தப் பச்சை ஜாக்கெட்டைக் கொண்டுவந்து என் மெஷின்மேல் வைத்தார். "மாமியோடது. எல்லாம் ஒரே டெய்லரு தெச்சது, எத்த போட்டாலும் கைய தூக்க முடியலன்னு பொலம்பிக்கினு கீறாங்க. எங்க தப்புன்னு பாரு" என்றார். அதற்குள் வண்டிப் பக்கம் யாரோ கூப்பிட, ஓடிவிட்டார்.

பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. வலது கையை இடது பக்கத்திலும் இடது கையை வலது பக்கத்திலும் வைத்துத் தைத்திருந்தார்கள். ஜாக்கெட் கையில் முன்பக்கத்துக்கு வளைவு அதிகமாக வெட்டுவோம். அது பின்னால் போய்விட்டால் போட்டவர் கையைத் தூக்க முடியாது. எங்கே தப்பு என்று பார்க்கத்தான் அவர் சொன்னார். சரிசெய்யட்டுமா என்று நான் எழுந்து போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வண்டி இருபது அடி தூரத்தில்தான் இருந்தது. ஆனால் அங்கே இரண்டு மூன்று பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னால் போய்ப் பேசக் கூச்சப்பட்டுக்கொண்டு, சரிசெய்யத்தான் கொடுத்திருப்பார் என்று நானே முடிவு செய்து பிரித்துவிட்டேன்.

அதனால்தான் அவர் கை நீட்டியபடி நின்றார். "அய்யய்யோ, உனுக்கு காட்டத்தானே எடுத்தாந்தேன்! மாமிக்கே தெரியாது தங்கச்சி. இன்னிக்கு சாயங்காலம் கல்யாண ரிசப்ஷனுக்கு இத்ததான் போட்டுக்கப் போறாங்களாம்" என்றார். தேய்க்கக் கொடுத்த துணி வேறொருவர் வீட்டுக்குப் போனது என்று தெரிந்தால் நாலு மாடியும் அவரை விட்டுவிடும். அது அவருடைய மொத்தப் பிழைப்பு. கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றவர், "நீ ஒண்ணியும் பயப்படாத. பொட்டி பட்டு தீஞ்சிபூட்சின்னு சொல்லிக்கிறேன்" என்றார்.

இஸ்திரிக்காரர் தன் வாயால் துணியைத் தீய்த்துவிட்டேன் என்று சொல்வது எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். முதல் ஜாக்கெட் கூலியைக்கூட மறைக்காத மனிதர், எனக்காக அப்படி ஒரு பொய்யைத் தன்மேல் போட்டுக்கொள்ளத் தயாராக நின்றார். "அரை மணி நேரம் குடுங்கண்ணா. நானே வந்து சொல்றேன்" என்றேன். சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. கைகளை மாற்றி வைத்துத் தைத்தேன். என் மெஷின் அவ்வளவு வேகமாக ஓடி நான் பார்த்ததில்லை.

அந்தக் குடியிருப்பின் படிகளில் அதுவரை நான் ஏறியதே இல்லை. அண்ணன் பின்னால் வர, மூன்று மாடி ஏறுவதற்குள் சொல்ல வேண்டியதை நாற்பது தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். மாமி கதவைத் திறந்ததும் எல்லாம் மறந்துவிட்டது. "மாமி, நான்தான் பிரிச்சேன். அண்ணன் பிரிக்கச் சொல்லல" என்று மட்டும் வந்தது.

"பிரிச்சியா? யாரைக் கேட்டுண்டு பிரிச்சே?" என்றார் மாமி.

"கேக்கல, மாமி. கை மாறியிருந்தது. மாத்தி வச்சுத் தச்சிருக்கேன்."

மாமி அண்ணனை ஒரு முறை பார்த்தார், என்னை ஒரு முறை பார்த்தார். ஜாக்கெட்டைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டார். நாங்கள் வெளியே நின்றோம். அண்ணன் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார், மறுபடி துடைத்தார். எனக்குக் கம்பெனியின் வாசல் கேட் கண்ணில் தெரிந்தது. கதவு திறந்தபோது மாமி அந்த ஜாக்கெட்டைப் போட்டிருந்தார். இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி நிலையின் மேல்கட்டையைத் தொட்டார். இறக்கினார். மறுபடி தொட்டார். "ஆத்துல பரண்மேல இருந்து ஒரு டப்பா எடுக்க இத்தனை வருஷமா பக்கத்தாத்துப் பொண்ணைக் கூப்பிட்டுண்டிருக்கேன்" என்றார். பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, "இதுல உமக்கு என்ன ஆதாயம்?" என்று கேட்டார்.

"மொத ஜாக்கெட்டு கூலி எனுக்கு, மாமி" என்றார் அண்ணன். அந்த நிலைமையிலும் மறைக்கவில்லை.

"ஓஹோ. கேக்காம பிரிச்சதுக்குக் கூலி கெடையாது. ரெண்டு பேருக்குமே கெடையாது" என்று சொல்லிவிட்டு மாமி கதவைச் சாத்தினார். படியிறங்கும்போது இரண்டாவது மாடியில் அண்ணன் நின்றுவிட்டார். சுவரில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மூன்றாம் நாள் மாமி ஒரு பையில் ஏழு ஜாக்கெட் துணியோடு என் வீட்டுக்கே வந்துவிட்டார். அந்த வாரமே, ரிசப்ஷனில் மாமி சொன்னதாக மயிலாப்பூரிலிருந்தும் அடையாரிலிருந்தும் நாலைந்து பேர் வந்தார்கள். மாமியின் முதல் ஜாக்கெட் கூலியோடு இவர்களுக்கு உரிய கூலியையும் எடுத்துக்கொண்டு அண்ணனிடம் போனேன். மாமியின் ஏழில் ஒன்றுக்கு மட்டும் வாங்கிக்கொண்டார். "நா கூட்டியாந்தது மாமிய. மத்தவங்கள கூட்டியாந்தது மாமி. அத்த அவுங்களாண்ட குடு" என்றார். வங்கியில் அதிகாரியாக இருந்த மாமிக்கு நான் போய்த் தரகு கொடுப்பதா என்று தயங்கித் தயங்கித்தான் ஏறினேன். அவமானப்படுத்துகிறேன் என்று நினைத்துக்கொள்வாரோ என்று பணத்தை ஒரு கவரில் போட்டு நீட்டினேன். மாமி வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "ரிட்டயர் ஆனப்பறம் நானா சம்பாதிச்ச முதல் காசுடீ இது" என்று உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்தார்.

அந்தத் தீபாவளிக்கு என் வீட்டுக்காரர் கம்பெனியைப் பற்றிப் பேசவே இல்லை. பட்டன் தைக்க உட்கார்ந்துவிட்டார். பிறகு இருபத்திரண்டு வருடம் அந்த மெஷின் எங்களுக்குச் சோறு போட்டது. மாமி இப்போது இல்லை. அண்ணன் பெருங்குடியில் மகனோடு இருக்கிறார். எனக்குக் கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது, தையலைக் குறைத்துக்கொண்டேன். போன வாரம் அவரிடமிருந்து போன். "தங்கச்சி, இங்க கீழ் வீட்டுல ஒரு பொண்ணு கீது. ஐடில வேலையாம். ஆன்லைன்ல தெச்சி வாங்கி, தோள் ரெண்டும் எறங்கிக்கினு கீது. பாக்கவே எனுக்கு பேஜாரா கீது. உன்னாண்ட அனுப்பவா?" என்றார். மாதம் இரண்டு ஜாக்கெட்டுக்கு மேல் தைக்கிறதில்லையே என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"போனை அந்தப் பொண்ணுகிட்ட குடுங்கண்ணா, நானே பேசறேன்" என்றேன்.

"இன்னாது, நீயா?" என்றார். அவர் படியிறங்குகிற செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு, "இந்தாம்மா, பேசு" என்று அவர் போனைக் கொடுக்கிறது கேட்டது.