எத்தனை பேருக்கு ஸ்பிரிங்?

என் வீட்டுக்காரருக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. சாப்பிடும்போதுகூட ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். கடைசி வாய் தொண்டையில் இறங்குவதற்குள் கை கழுவ எழுந்துவிடுவார். அவர் மெக்கானிக்காக இருக்கும் குளிர்பதனக் கிடங்கில் அவருக்குக் 'காத்தாடி' என்று பட்டப்பெயர். ஏதாவது இயந்திரம் நின்றால் முதல் ஆளாய் ஓடுவார். எதுவும் நிற்கவில்லை என்றால், நன்றாக ஓடுவதையே பிரித்துப்போட்டு மாட்டுவார். என் தையல் மெஷினை மட்டும்தான் தொட்டதில்லை. தொட்டால் கத்தரிக்கோலால் குத்திவிடுவேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். வாசலை ஒட்டிய அறையில் திரைச்சீலையும் பள்ளிச் சீருடையும் தைப்பது என் பிழைப்பு. உட்கார்ந்தால் எழாத எனக்கும், எழுந்தால் உட்காராத அவருக்கும் எந்த மகராசன் பொருத்தம் பார்த்தானோ!

எங்களுக்கு இரண்டு பையன்கள். பெரியவன் வேலை கிடைத்துக் கடல் தாண்டிப் போனான். அடுத்த வருடமே சின்னவனும் அண்ணன் பின்னாலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டான். வீடு வெறிச்சோடிப் போனது. நான் அழுது தீர்த்தேன். இவர் அழவில்லை. ஒரு பழைய பிக்கப் வண்டியை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். நான்கு சக்கரமும் இழுக்குமாம். காடு, மேடு, பாறை எதுவானாலும் ஏறுமாம்.

சரி, மனுஷன் மனசு ஆறட்டும் என்று விட்டேன். விட்டதுதான் தப்பு. வண்டியை அரை சாண் உயரத்துக்குத் தூக்கிவிட்டார்.

"எதுக்குங்க இதைப் போய் தூக்கி வச்சிருக்கீங்க?"

"அடியில கல்லு தட்டாதும்மா."

"கல்லு கெடக்கிற எடத்துக்கு எதுக்குப் போகணும்?"

அவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் நுழைந்துவிட்டார். எதிர்வீட்டு டீச்சர் அதற்கு 'மாடி வண்டி' என்று பேர் வைத்தாள். மாடிக்காவது படி இருக்கும். இதில் ஏற நான் கதவைப் பிடித்துத் தொங்க வேண்டியிருந்தது.

ஒரே ஒரு தடவை அவரோடு போனேன். ஊருக்கு வெளியே தண்ணீர் வற்றிக் கிடக்கும் ஆறு. மணலும் உருண்டைக் கல்லுமாக அது பாட்டுக்கு மலையடிவாரம் வரை போகும். போய்த் திரும்புவதற்குள் என் இடுப்பு எலும்பு கழன்று கையில் வந்துவிடும் போல ஆகிவிட்டது. டாக்டர் முதுகெலும்பில் தட்டு விலகியிருக்கிறது என்றார். நெடுநாள் பெல்ட் கட்டிக்கொண்டுதான் மெஷினில் உட்கார்ந்தேன். அன்றைக்கே சொல்லிவிட்டேன்: "என் பொணம்கூட இனி இந்த வண்டியில ஏறாது."

"ஸ்பிரிங் சரியில்லம்மா. மாத்திட்டா மெத்தை மாதிரி இருக்கும்," என்றார்.

அங்கே பிடித்தது கிறுக்கு. குலுக்கலைத் தாங்கும் ஷாக்கை மாற்றினார். எண்ணெய் ஷாக் சரியில்லை, கேஸ் ஷாக் வேண்டும் என்றார். அதைப் போட்டதும் முன்பக்கம் சுருள் ஸ்பிரிங் உயரம் போதவில்லை என்றார். ஃபோனில் எவனோ ஒருவன் கெட்டியாகப் போடு என்பான், இன்னொருவன் இளக்கமாகப் போடு என்பான். இரண்டையும் கேட்டுவிட்டு இவர் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடப்பார். நான் சீருடைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து நின்று, "பின்பக்கம் பட்டையைக் கெட்டியாவே போட்டுடலாமா? நீ என்ன சொல்ற?" என்பார்.

"என்னைக் கேட்டா? பழைய இரும்புக்குப் போட்டுடலாம்னு சொல்வேன்."

ஒரு நிமிடம் முகம் சுண்டிப்போகும். மறுபடி ஃபோனை எடுத்துவிடுவார். கடைசியில் பட்டறையில் விட்டுப் பின்பக்கம் இருப்பதிலேயே கெட்டியான பட்டையைப் போட்டுவிட்டார். பட்டை என்றால் வேறொன்றுமில்லை, வளைந்த இரும்புத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருக்கும் ஸ்பிரிங்.

அதற்குப் பிறகு விடுமுறை வந்தால் ஆள் வீட்டில் இருப்பதில்லை. தனியாகத்தான் போவார். அந்த ஆற்றுப்பக்கம் ஃபோனில் சிக்னலும் கிடையாது. கவிழ்ந்து கிடந்தால்கூட எனக்கு யார் வந்து சொல்வார்கள்? வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்கும் வரை நான் ஒரு தையல் நேராகப் போட்டதில்லை. பிள்ளைகள் போய்விட்டார்கள், இந்த மனுஷனும் போய்விட்டால் நான் என்ன செய்வேன் என்று நினைத்துக்கொண்டே கோணிய தையலைப் பிரிப்பேன். வந்து சேர்ந்ததும் அந்தப் பயமெல்லாம் கோபமாகத்தான் வெளியே வரும்.

ஒருநாள் அப்படித்தான் வந்தார். நெற்றியில் துணி கட்டியிருந்தது. துணி முழுக்க ரத்தம். மெஷினை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

"ஒண்ணுமில்ல, லேசா இடிச்சுக்கிட்டேன். சரிவுல இறங்கும்போது பின்பக்கம் உதைச்சுது. உள்ளாற இருந்தது ஒரு பக்கமா சரிஞ்சு வண்டி சாஞ்சிடுச்சு. கவிழல."

"உள்ளாற என்ன இருந்துச்சு?"

நெற்றிக்கட்டைச் சரிசெய்வதுபோல் திரும்பிக்கொண்டார். நானே போய்ப் பின்பக்கத் தார்ப்பாயை விலக்கிப் பார்த்தேன். மணல் மூட்டைகள். மூன்று இருந்தன. ஒன்று சரிந்து ஓரத்தில் கிழிந்து கிடந்தது.

"வீடு கட்டப்போறீங்களா?"

"அது... பட்டை ரொம்பக் கெட்டிம்மா. மேல பாரம் இருந்தாத்தான் அது வளையும். ஆளில்லாம ஓட்டினா கழுதை மாதிரி உதைக்குது. அதான் பாரத்துக்கு..."

"மூணு எதுக்கு?"

அவர் மூட்டைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "அது பெரியவன். இது சின்னவன், அவன் கொஞ்சம் எடை போட்டிருக்கான்ல, அதான் பெருசு."

"அப்போ கிழிஞ்சது நானா?"

"நீதான்! வாய் பெருசு, அதான் கிழிஞ்சிடுச்சு!"

"கொழுப்பைப் பாரு!" என்று கத்தினேன். கத்தியதும் அழுகை வந்துவிட்டது. ரத்தத்தோடு நிற்கும் ஆளைக் கட்டிக்கொண்டு அழுவதா, இரண்டு போடு போடுவதா என்று தெரியவில்லை. முதலில் காயத்தைக் கழுவிவிட்டேன். கழுவும்போதும் கால் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

மறுநாள் காலையில் தையலறையைப் பூட்டிவிட்டு, அவரை முன்னால் போகச் சொல்லி, நான் ஆட்டோ பிடித்துப் பட்டறைக்குப் போனேன். பட்டறைத் தம்பி வண்டிக்கு அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்தார். இவர் நெற்றியைப் பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினார்.

"தம்பி, இந்த ஆளு உசுரோட வீடு வந்து சேரணும். அதுக்கு எது வேணுமோ அதைப் போடுங்க," என்றேன்.

"நான் தப்பாப் போடலக்கா. எப்பவும் எவ்வளவு பாரம் இருக்கும்னு கேட்டுத்தான் போட்டேன். நாலு பேரு, கூடாரம், தண்ணி கேன், அடுப்புன்னு அண்ணன்தான் அடுக்கிக்கிட்டே போனாரு. அதுக்குத்தான் இந்தப் பட்டை." இவர் பக்கம் திரும்பினார். "அண்ணே, இப்பவாவது உள்ளதைச் சொல்லுங்க. கெட்டிப் பட்டையை எடுத்துட்டு எளக்கமா வேற போட்டுடறேன். ஷாக்கையும் அதுக்கு ஏத்தாப்ல மாத்திடலாம். நெசமா எத்தனை பேரு போவீங்க?"

இவர் சுவரோரம் குவிந்து கிடந்த பழைய ஸ்பிரிங்குகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எளக்கமாப் போட்டுட்டா, அப்புறம் பசங்க வந்தா தாங்காதேப்பா," என்றார்.

"வந்தா டாக்ஸியில போகட்டும்," என்றேன். அவர்கள் இப்போதைக்கு வரப்போவதில்லை என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அதைப் பட்டறையில் வைத்தா சொல்வது?

அவர் கால் ஆடவில்லை. அதை நான் கவனித்தேன். கை இரண்டையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, அசையாமல் நின்று, மெதுவாகச் சொன்னார்:

"ஒரு ஆளுக்கே போட்டுடு தம்பி. நான் மட்டும்தான்."

நான் அங்கே போனதே இதற்குத்தான். இளக்கமான பட்டை போட்டால் உதைக்காது, உதைக்காவிட்டால் ஆள் பத்திரமாக வருவார். நினைத்தது நடந்துவிட்டது. ஆனால் நெஞ்சில் சுருக்கென்று குத்தியது. எத்தனை நாளாக மூன்று மூட்டைகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, தனியாக அந்த ஆற்றில் சுற்றியிருக்கிறார் இந்த மனுஷன்!

"ரெண்டு ஆளுக்குப் போடுங்க தம்பி," என்றேன்.

தம்பி தலையைச் சொறிந்தார். "அக்கா, முன்சீட்டுல ஒரு ஆள் கூடினா பட்டை மாறாது. ஒரு ஆளுக்கும் ரெண்டு ஆளுக்கும் ஒரே பட்டைதான்."

"அந்தக் கதையெல்லாம் எனக்குத் தெரியாது. ரெண்டு ஆளுக்குன்னு சொல்லிப் போடுங்க."

"அவ சொல்ற மாதிரியே போடுப்பா," என்றார் இவர். பாக்கெட்டிலிருந்து கையை எடுத்தார். "ரெண்டு ஆளுக்கு."

சாயங்காலம் வேலை முடிந்தது. மூன்று மூட்டைகளும் பட்டறைச் சுவரோரம் இறங்கிவிட்டன. கதவைத் திறந்து கையைப் பிடித்து அவர் ஏற்றிவிட, முக்கி முனகி ஏறி உட்கார்ந்தேன். அவர் ஆமை வேகத்தில் ஓட்டினார். ஒரு சைக்கிள்காரர் எங்களை முந்திக்கொண்டு போய்த் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நாற்சந்தி வந்ததும் வீட்டுப்பக்கம் திருப்பப் போனார்.

"அங்க எங்க திருப்புறீங்க? நீங்க தனியாப் போவீங்களே, அங்க விடுங்க."

"இடுப்பு?"

"அது என் இடுப்பு. விடுங்க."

தார்ச் சாலை முடிந்து கல் ஆரம்பித்தது. மெத்தை எல்லாம் இல்லை, பொய் சொல்லக்கூடாது. முன்பு போல உதைக்கவில்லை, அவ்வளவுதான். ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியபோது நான் பல்லைக் கடித்ததை அவர் பார்த்துவிட்டார்.

"வலிக்குதா?"

"வலிக்குது. அதுக்காக என்னை எறக்கி விட்டுட்டுத் தனியாப் போலாம்னு பார்க்காதீங்க. நேராப் பார்த்து ஓட்டுங்க."