புகையைப் பார்த்துத் துணி காயப்போட்ட ஊர்

ஈரத் துணியில் சாம்பல் விழுந்தால் ஒரு வாசனை வரும். சோப்பு வாசனையும் இல்லை, அடுப்பு வாசனையும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. மந்தாரக்குப்பத்தில் குடியிருந்தவர்களுக்கு மட்டும் அது சட்டென்று புரியும்...

கல்யாணமாகி குறிஞ்சிப்பாடியிலிருந்து அங்கே வந்த புதிது. என் வீட்டுக்காரர் ராமலிங்கம் அப்போது நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் தொழிலாளி. அனல்மின் நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஓர் அறை, ஒரு சமையற்கட்டு, வாசலில் ஒரு துணிக்கயிறு. குடித்தனம் அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு மல்லிகா அக்கா காடாம்புலியூர்க்காரர். தினமும் காலையில் துணி வாளியோடு வெளியே வந்து, புகைபோக்கியைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நிற்பார். சோறு போடுகிற இடம் என்று கும்பிடுகிறார் போலிருக்கிறது என்று நினைத்து, நானும் நாலு நாள் கூடவே நின்று கும்பிட்டேன். சிரிக்காதீர்கள்.

விஷயம் வேறு. புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துத்தான் அங்கே துணி காயப்போடுவார்கள். எல்லார் வீட்டிலும் முன்னால் ஒரு கயிறு, பின்னால் ஒரு கயிறு. புகை இந்தப் பக்கம் வந்தால் துணி அந்தப் பக்கம் போகும்.

இது எனக்குத் தெரிய வந்தது ஒரு ஐப்பசி மூட்டத்தில். மறுநாள் அவருக்கு பெர்மனென்ட் ஆவதற்கான இன்டர்வியூ. எத்தனையோ வருடம் காத்திருந்து வந்தது. இருந்ததே ஒரு வெள்ளைச் சட்டை. அதை நீலம் போட்டு அலசி, வாசலில் காயப்போட்டுவிட்டுக் கடைக்குப் போனேன். திரும்பி வருவதற்குள் காற்றும் திரும்பிவிட்டது.

சட்டை முழுக்கப் புள்ளி. பதறிப்போய் ஈரக் கையால் தேய்த்தேன். புள்ளியெல்லாம் கோடாகிவிட்டது.

"என்னாம்மா, பொகைய பாக்காமயா துணி போட்ட?" என்று மல்லிகா அக்கா ஓடி வந்தார். "தேய்க்காத, வுடு. காஞ்ச பொறவு ஒதறு, பாதி போயிடும்."

பாதிதான் போனது. மறுநாள் மிச்சப் புள்ளியோடு என் வீட்டுக்காரர் இன்டர்வியூவுக்குக் கிளம்பினார். அன்று முழுக்க அழுதுகொண்டே இருந்தேன். அவர் வேலை என் கையால் போய்விட்டதென்றே முடிவு கட்டிவிட்டேன். சாயங்காலம் சிரித்துக்கொண்டே வந்தார்.

"ஏன் அழுவற? லைன்ல நின்னுகினு இருந்தோமே, நம்ம பக்கத்து ஆளுங்க அத்தினி பேர் சட்டையிலயும் புள்ளிதான். கேள்வி கேட்டவரு சட்டையிலயும் ரெண்டு இருந்துச்சி."

அன்றைக்கே, சட்டையைக் கூடக் கழற்றாமல், பின்பக்கம் இரண்டாவது கயிற்றைக் கட்டினார். அடுத்த மாதம் பெர்மனென்ட் ஆர்டரும் வந்தது.

இப்போது எதற்கு இந்தக் கதை என்கிறீர்களா? அமெரிக்காவால்தான்.

எங்கள் மகள் நித்யா அங்கே கடலில் காற்றாலை நிறுத்துகிற கம்பெனியில் இஞ்சினீயர். ஆட்சி மாறியது, பாதியில் வேலையை நிறுத்தினார்கள், அவளையும் வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். விசா முடிவதற்குள் வேறு வேலை கிடைக்க வேண்டும், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டும். இவர் தினமும் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அங்கே நடப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஒருவர் வந்தால் நிலக்கரி ஆகாது. அடுத்தவர் வந்தால் காற்றாலை ஆகாது. கயிறு இரண்டு இருந்தால் என்ன குறைந்துவிடும்? ஜெயித்து வருகிறவர் முதல் வேலையாக மற்றவர் கட்டிய கயிற்றை அறுக்கிறார். துணி நடுத்தெருவில் கிடக்கிறது.

நிலக்கரியை யாராவது கேவலமாகப் பேசினால் எனக்குச் சுருக்கென்று இருக்கும். என் பிள்ளை படித்தது அந்தக் காசில். அங்கே மலையோரத்தில் சுரங்கம் மூடி வேலை போனவன் வயிற்றெரிச்சல் எனக்கு நன்றாகவே புரிகிறது. ஆனால் அவன் வயிறு குளிர என் மகள் வேலையைப் பறிப்பது என்ன நியாயம்? அவனுக்கும் வீட்டு வாடகை, இவளுக்கும் வீட்டு வாடகை.

இதில் கம்ப்யூட்டர்களுக்குக் குடோன் குடோனாகக் கட்டி கரன்ட்டைக் கொட்டுகிறார்களாம். பக்கத்தில் குடியிருப்பவனுக்கு பில் ஏறுகிறதாம். வெளிநாட்டுச் சாமானுக்கு வரி போட்டுவிட்டு, விலை ஏறிவிட்டதென்று அவர்களே முழிக்கிறார்கள். பணக்கார நாடு குடித்தனம் நடத்துகிற லட்சணம் இதுதானா?

சரி, புலம்பல் போதும். இன்று காலையில் நித்யா கூப்பிட்டாள்.

"அம்மா, வேலை கெடச்சிடுச்சி! கரன்ட் லைன் கம்பெனி. காத்தாலை கரன்ட்டும் எங்க கம்பியிலதான் வரணும், கரி கரன்ட்டும் எங்க கம்பியிலதான் வரணும். யார் ஜெயிச்சாலும் ஃபேன் சுத்தணும்ல?"

ஸ்பீக்கரில் அவரும் கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இப்போது நாங்கள் இருப்பது டவுன்ஷிப்புக்கு வெளியே, சொந்த வீடு. மாடியில் சோலார். அந்தப் பழைய புகைபோக்கியில் புகை வந்து வருடங்கள் ஆகின்றன. துணியில் இப்போது சோப்பு வாசனை மட்டும்தான் வருகிறது. அதை முகர்ந்தால் நிம்மதியாகவும் இருக்கிறது, ஏதோ குறைகிற மாதிரியும் இருக்கிறது. ஆனாலும் துணி வாளியைத் தூக்கினால் என் கண் தானாக அந்தப் பக்கம் போகும். கயிறும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று இருக்கிறது.

போன் பேசி முடித்துத் தேடினால் மனிதரைக் காணோம். பின்பக்கம் ஸ்டூல் போட்டு ஏறி, பழைய கயிற்றை அவிழ்த்துவிட்டுப் புதுசு கட்டிக்கொண்டிருந்தார்.

"இந்த வயசுல ஏங்க ஸ்டூல்ல ஏறுறீங்க?"

"பொங்கலுக்கு லீவுல வர்றேன்னு சொன்னாள்ல... துணி நெறைய சேரும். நீ ஸ்டூல கெட்டியா புடிச்சிக்க."

பிடித்துக்கொண்டேன்.