கடலுக்குப் போகாத வீட்டுப் பெண்கள்

1942 பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை வன்னியபெருமாள் கொழும்புக்குத் தோணி ஏறினான். அங்கே ஒரு கடையில் வேலை. மூட்டை கட்டும்போது சிந்திய கருப்பட்டித் தூளில் எறும்பு மொய்த்திருந்தது. அவன் மனைவி சண்முகத்தாய்க்குப் பொறுக்கவில்லை. ஆள் பயணம் போன வீட்டை அன்று பெருக்கக் கூடாது என்று தெரிந்தும், அவன் தெருமுனை திரும்புவதற்குள் விளக்குமாற்றை எடுத்துவிட்டாள்.

தோணி பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. அவன் கரையிறங்கி நடந்ததைத் தோணிக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். கடைக்கு மட்டும் போகவில்லை. அதன்பின் ஒரு தகவலும் இல்லை. பெருக்கியதால்தான் இப்படியாயிற்று என்று அவள் முடிவு கட்டிக்கொண்டாள்.

பெருக்கித்தான் பிழைக்கவும் வேண்டியிருந்தது. பஞ்சு வியாபாரி ஆவுடையப்பன் அண்ணாச்சி மூட்டை அடுக்கிவைக்கும் கிட்டங்கியைத் தினமும் சுத்தம் செய்தாள். குனிந்து பெருக்கும்போது பின்னால் யாரோ செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பதுபோல் இருக்கும். திரும்பிப் பார்க்க மாட்டாள்.

யுத்தம் முடிந்து சரக்கு குவியத் தொடங்கியதும் அண்ணாச்சி மற்றக் கிட்டங்கிகளையும் அவளிடமே விட்டார்.

"ஒத்தையில முடியாது ஏளா. ஆள் வச்சுக்கோ."

வந்த பெண்களிடம் அவள் கேட்டது ஒன்றுதான். "ஒங்க வீட்டுல கடலுக்குப் போறவுக உண்டா?"

"எங்க வீட்டுக்காரரா? அவரு குளிக்கவே போக மாட்டாரு, கடலுக்கா போவாரு?" என்றாள் சாத்தான்குளத்துச் சந்தனமாரி. நாசரேத்திலிருந்து வந்திருந்த ஜீவமணி, "இல்லக்கா" என்றதோடு நிறுத்திக்கொண்டாள். சண்முகத்தாய் இருவரையும் சேர்த்துக்கொண்டாள்.

மாசியில் ஒருநாள், வேலைக்கு நடுவே சந்தனமாரி வாயை விட்டாள். "ஏளா ஜீவமணி, ஒம் மாப்பிள வேதமணி இன்னைக்குக் கொழும்புக் கடை வேலைக்குத் தோணி ஏறுதாராமே."

சண்முகத்தாய் ஜீவமணியின் கையிலிருந்த விளக்குமாற்றைப் பிடுங்கினாள்.

"எங்கிட்ட ஏன் மறைச்ச?"

"சொல்லியிருந்தா வேலை தந்திருப்பியளாக்கா?"

"வீட்ட என்ன செஞ்ச?"

"பெருக்கிட்டுத்தான் வந்தேன். எங்க வேதத்துல அதெல்லாம் கிடையாதுக்கா."

மறுநாளிலிருந்து ஜீவமணிக்குச் சாக்கு உதறும் வேலைதான். சண்முகத்தாய் சரியாகச் சாப்பிடவில்லை. வேதமணிக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டே இருந்தாள். அந்த வேண்டுதலுக்கு அடியில் ஒரு பயமும் கிடந்தது. அவன் சுகமாக இருந்துவிட்டால் விளக்குமாற்றின்மேல் பழியில்லை. அப்படியானால் வன்னியபெருமாள் அவளை வேண்டாமென்றுதான் போயிருக்கிறான்.

கோடை கழிந்தது. தோணியை ஓட்டும் தண்டல் இனிகோ கொழும்பிலிருந்து திரும்பிய அன்று, கிட்டங்கி வாசலில் வந்து நின்று ஜீவமணியைக் கேட்டார். அவள் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள்.

"எங்கிட்டச் சொல்லுங்க அண்ணாச்சி."

"வேதமணி சொல்லிவிட்டாம்மா. கடையில நல்லா வச்சிருக்காவளாம். ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. கிறிஸ்மசுக்கு வாரானாம்."